500 யென் நாணயத்துக்கு ஒரு கப்பல்: யோகோஹாமாவின் ஹிகாவா மாரு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான். நான் போனபோது பெரியவர்களுக்கு 300 யென், 65 வயது ஆனவர்களுக்கு 200. எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்து 500. ஜப்பானில் 500 யெனுக்கு ஒற்றை நாணயமே உண்டு, அதை நீட்டினேன், இரண்டு டிக்கெட் வந்தது, வேலை முடிந்தது. இந்த ஊரில் ஒரு காபியும் பன்னும் வாங்கினாலே அதைவிடக் கூட ஆகும். அதற்கு முந்தைய மாதம் ஓர் உல்லாசப் படகில், பெயர் வேண்டாம், ஆளுக்குச் சில ஆயிரம் யென் கொடுத்து ஏறி, உப்புப் படிந்த கண்ணாடி வழியாக முன் சீட்டுக்காரரின் பிடரியை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தோம். அந்த எரிச்சல் இன்னும் அடங்காத நிலையில்தான் இங்கே போனேன். அதனால் என் பாராட்டில் கொஞ்சம் கழித்துக்கொண்டு படித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

ஹிகாவா மாரு என்பது 1930இல் யோகோஹாமாவிலேயே கட்டிய பயணியர் கப்பல். நிப்பான் யூசென் கம்பெனி இதை ஜப்பானிலிருந்து பசிபிக்கைக் கடந்து அமெரிக்காவின் சியாட்டலுக்கு ஓட்டியது. இப்போது யமஷிதா பூங்காவை ஒட்டி நிரந்தரமாகக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். 163 மீட்டர் நீளம், அதாவது நம்மூர் ரயில் பெட்டி ஏழைக் கோத்த மாதிரி. அளவு பதினோராயிரத்து அறுநூற்றுச் சொச்சம் டன், கப்பல் கணக்கில் இந்த டன் எடை இல்லை, உள்ளே இருக்கும் இடம். அதே காலத்தில் அட்லாண்டிக்கில் ஓடிய குவீன் மேரி எண்பதாயிரம் டன்னைத் தாண்டியது, வேகம் 30 நாட், அதாவது மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர். இது சோதனை ஓட்டத்திலேயே 18 நாட் வேகத்தைக் கொஞ்சம் தாண்டியதுதான். சாதனை, ரிப்பன், கோப்பை என்று எதுவும் கிடையாது. அந்தக் கணக்கில் பார்த்தால் இது நடுத்தர வர்க்கத்துக் கப்பல், எனக்கு அதனாலேயே பிடித்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் நகராது. அவர் தூத்துக்குடிக்காரர். 22 வருஷம் சரக்குக் கப்பல் எஞ்சின் ரூமில் வேலை. துடைத்துச் சுத்தம் செய்யும் வைப்பராகச் சேர்ந்து, எண்ணெய் போடும் ஆயிலர் ஆகி, கடைசியில் ஃபிட்டராக இறங்கியவர். யோகோஹாமாவுக்கே மூன்று தடவை வந்திருக்கிறாராம். ஆனால் ஒரு தடவைகூட ஊருக்குள் வெளிச்சத்தில் நடந்ததில்லை. சரக்கு இறக்குகிற நேரத்தில்தானே எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பார்கள். இப்போது என்னோடு ஒரு மாதம் இருக்க வந்தவரைக் கோயில், கோபுரம், புல்லட் ரயில் என்று எங்கெல்லாமோ கூட்டிப் போனேன். எல்லாவற்றுக்கும் "நல்லாருக்குய்யா" என்று ஒரே பதில்தான். கடைசி வாரம்தான் இது நினைவுக்கு வந்தது, என் புத்தி அவ்வளவுதான்.

மினாத்தோமிராய் லைனில் கடைசி ஸ்டேஷன் மோத்தோமாச்சி சூக்ககாய். வெளியே வந்து நாலைந்து நிமிடம் நடந்தால் பூங்கா. 1923 நிலநடுக்கத்தில் யோகோஹாமா தரைமட்டமானபோது அந்த இடிபாட்டையெல்லாம் கொண்டுவந்து கடலில் கொட்டி, அதன் மேல் போட்ட பூங்கா இது. திறந்தது 1930, கப்பலின் முதல் பயணமும் அதே வருஷம். பூங்கா ஓரத்தில் நம் கண்ணுக்குப் பழகிய குவிமாடத்தோடு சின்ன மண்டபம் ஒன்று நிற்கிறது, இந்திய நீர்க்கோபுரம். அந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு இங்கிருந்த இந்திய வியாபாரிகளுக்கு ஊர்க்காரர்கள் செய்த உதவிக்கு நன்றியாக, இந்தியர்கள் பின்னால் கட்டிக் கொடுத்தது. அதன் நிழலில் உட்கார்ந்து தயிர்ச்சாத டப்பாவைத் திறக்கலாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். கப்பலுக்குள் சாப்பாட்டுக் கடை எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள், சீனத்தெரு பக்கத்திலேயே இருக்கிறது.

கப்பலை நெருங்கும்போது கண்ணில் படுவது கப்பல் இல்லை, கடல்காக்காய். கரையிலிருந்து முன்பக்கத்துக்கு இழுத்துக் கட்டிய கனமான சங்கிலிகள் தண்ணீருக்கு மேல் தொங்கலாகப் போகின்றன. அந்தச் சங்கிலி நெடுக வளையத்துக்கு ஒன்றாக, எல்லாம் ஒரே திசை பார்த்து, ரேஷன் கடை வரிசை மாதிரி பறவைகள். ஒன்று புதிதாக வந்து இறங்கினால் இரண்டு பக்கமும் கொஞ்சம் நகர்ந்து இடம் விடும், அல்லது விடாது, சண்டை நடக்கும். ஜப்பானியர்கள் கப்பலை விட்டுவிட்டு இதைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் கால் மணி நேரம் நின்றோம். பின்னால் கறுப்பு உடல், வெள்ளை மேல்தளம், கறுப்புப் புகைபோக்கியில் வெள்ளைப் பட்டை, அதற்குள் இரண்டு சிவப்புக் கோடு. இந்தக் கோட்டைப் பார்த்ததும் அப்பா "யூசென்காரன்" என்றார். அவர் பேர் படிக்கவில்லை, புகைபோக்கியைப் படித்தார்.

உள்ளே நுழைந்ததும் முதல் வகுப்புப் பகுதி. இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: கூட்டிப் போகிற வழி ஏற்கெனவே போட்டு வைத்ததுதான், அம்புக்குறி பார்த்துப் போனால் போதும், வழிகாட்டி தேவையில்லை. உள் அலங்காரம் பிரெஞ்சு வடிவமைப்பாளர் மார்க் சிமோன் செய்தது, ஆர்ட் டெக்கோ பாணி. அந்தப் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நம்மூர்ப் பழைய சினிமா தியேட்டர்களின் முகப்பில் நேர்கோடும் வளைவும் படிப்படியாக அடுக்கி இருக்குமே, அதன் பணக்காரப் பெரியப்பா வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை விரித்துத் தட்டு, கண்ணாடி, வெள்ளி எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்து வாசிக்கும் அறை, கூடிப் பேசும் கூடம், புகைபிடிக்கும் அறை. குழந்தைகளுக்கென்று தனி அறை, பெற்றோர் நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமே என்று யோசித்திருக்கிறார்கள். நடுப் படிக்கட்டின் கைப்பிடி இரும்பில் சுருள் சுருளாக ஒரு வேலைப்பாடு வருகிறது, அது மேகம். ஹிகாவா என்பது ஒரு பழைய ஷிண்டோ கோயிலின் பெயர், அந்தக் கோயிலின் மேகச் சின்னத்தைத்தான் படிக்கட்டில் இழைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய அலங்காரத்துக்குள் ஊர்ச்சாமியைச் சத்தமில்லாமல் ஒளித்து வைத்த சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருந்தது. நம் ஆட்கள் லாரிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் கட்டுவதும் ஏறக்குறைய அதேதான். இவர்கள் நாசூக்காகச் செய்கிறார்கள், நாம் பட்டவர்த்தனமாகச் செய்கிறோம்.

சார்லி சாப்ளின் இதில் போனார் என்பதைச் சொல்லாமல் இந்தக் கப்பலைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நானும் சொல்லிவிடுகிறேன். 1932 மே மாதம் சாப்ளின் ஜப்பான் வந்திருந்தார். அவர் வந்த மறுநாளே, மே 15, இளம் கடற்படை அதிகாரிகள் பிரதமர் இனுகாயை அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். சாப்ளினையும் சேர்த்துத் தீர்த்துவிடலாமா என்று அந்தக் கூட்டம் யோசித்திருந்தது பின்னால் தெரிய வந்தது. ஜூனில் அவர் ஊர் திரும்ப ஏறியது ஹிகாவா மாருவில். கப்பலில் நல்ல தெம்புரா கிடைக்கும் என்று சொல்லித்தான் அவரை இந்தக் கப்பலுக்கு இழுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, இந்தக் கம்பெனிக் கப்பல்களின் சாப்பாட்டுக்கு அப்போது நல்ல பெயர் இருந்தது. இறால் பஜ்ஜிக்காகக் கப்பல் தேர்ந்தெடுக்கிற மனுஷனை எனக்குப் புரிகிறது.

ஆனால் இந்த அறைகளில் என்னை நிறுத்திய ஆள் சாப்ளின் இல்லை, ஜிகோரோ கானோ. ஜூடோவை உருவாக்கியவர். 1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குக் கொண்டுவர அலைந்தவர். 1938இல், 77 வயதில், கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில் அதை உறுதி செய்துவிட்டு, உலகத்தைச் சுற்றிக்கொண்டு அமெரிக்கா வழியாக வீடு திரும்பினார். வான்கூவரில் இந்தக் கப்பலில் ஏறினார். மே 4ஆம் தேதி, யோகோஹாமா வர இரண்டே நாள் பாக்கி இருக்கும்போது, நிமோனியாவில் கடலிலேயே இறந்துபோனார். உடல்தான் துறைமுகத்தில் இறங்கியது. இரண்டு மாதம் கழித்து, சீனாவோடு போர் நடக்கிற நேரத்தில் முடியாது என்று ஜப்பானே அந்த ஒலிம்பிக்கைக் கைவிட்டது. அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

இதே கப்பலில் 1940, 41இல் ஏறிய இன்னொரு கூட்டம் ஐரோப்பாவிலிருந்து தப்பி ஓடி வந்த யூதர்கள். லித்துவேனியாவில் ஜப்பானியத் துணைத் தூதர் சுகிஹாரா எழுதிக் கொடுத்த விசாவோடு சைபீரிய ரயிலில் வந்து, ஜப்பானின் கோபே துறைமுகத்தில் காத்திருந்து, அமெரிக்கா கனடா பக்கம் போனவர்களில் பலருக்குக் கிடைத்த கப்பல் இது. ஜெர்மனியோடு கூட்டுச் சேர்ந்த நாட்டின் கொடியில், ஜெர்மனியிடமிருந்து தப்பித்துப் போகிறார்கள். யாரும் திட்டம் போட்டு இப்படிச் செய்திருக்க முடியாது. அதற்குள் நேரமும் நெருங்கிவிட்டது. 1941 ஜூலையில் அமெரிக்கா ஜப்பானின் சொத்துகளை முடக்கியதும் சியாட்டல் தடம் நின்றது. அந்த இலையுதிர் காலத்தில் அரசாங்கம் ஏற்பாடு செய்த ஒரு பயணத்தில் இங்கிருந்து ஆட்களைக் கொண்டு விட்டு, அங்கிருந்த ஜப்பானியர்களை ஏற்றி வந்தது. டிசம்பரில் கடற்படை இதை எடுத்து மருத்துவமனைக் கப்பலாக்கியது.

இனி போர். வெள்ளை வண்ணம் அடித்து, பக்கவாட்டில் பச்சைப் பட்டை போட்டு, பெரிய செஞ்சிலுவை எழுதினார்கள். மற்ற கப்பல்கள் எல்லாம் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பதுங்கி ஓடும்போது இது மட்டும் சட்டப்படி ராத்திரி முழுக்க விளக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும், சிலுவை தெரிகிற மாதிரி. 'நான் இங்கே இருக்கிறேன், அடிக்காதே' என்று சொல்லிக்கொண்டே எதிரியின் நீர்மூழ்கிகளுக்கு நடுவே போவது. அப்படிப் போயும் தப்பாத கப்பல்கள் உண்டு. புவனோஸ் ஐரேஸ் மாரு என்ற இன்னொரு ஜப்பானிய மருத்துவமனைக் கப்பலை 1943 நவம்பரில் விமானம் குண்டு போட்டு மூழ்கடித்தது. ஹிகாவா மாரு ராபால் மாதிரியான தென் பசிபிக் தீவுகளுக்கும் தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களுக்கும் போய் வந்து, சுமார் 30,000 காயம்பட்டவர்களையும் நோயாளிகளையும் சுமந்தது. மூன்று முறை கண்ணிவெடியில் மோதியது. முதல் தடவை 1943இல் இந்தோனேசியாவின் சுரபயாவில், கடைசித் தடவை 1945இல் சிங்கப்பூர் பக்கம். மூன்று முறையும் மூழ்கவில்லை. வட பசிபிக்கின் முரட்டு அலைக்குத் தாங்கட்டும் என்று முதலிலேயே தகட்டைத் தடிமனாகப் போட்டுக் கட்டியதுதான் காப்பாற்றியது என்கிறார்கள்.

இதே அச்சில் வார்த்த தங்கைக் கப்பல்கள் இரண்டு இருந்தன, ஹியே மாரு, ஹெயான் மாரு. இரண்டையும் கடற்படை நீர்மூழ்கிகளுக்குத் துணைக்கப்பலாக மாற்றியது, அதாவது அடிக்க நியாயமான குறி. ஹியே மாருவை 1943 நவம்பரில் அமெரிக்க நீர்மூழ்கி டார்பிடோ போட்டு முடித்தது. ஹெயான் மாரு 1944 பிப்ரவரியில் பசிபிக்கின் ட்ரக் தீவுக் காயலில் நடந்த பெரிய விமானத் தாக்குதலில் போனது. இன்றைக்கும் அங்கே தண்ணீருக்கடியில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது, மூழ்கிப் பார்க்கிறவர்கள் உடலில் பொறித்த பெயரைப் படிக்க முடிகிறது. நாங்கள் படியேறிப் பார்த்த அதே படிக்கட்டு மாதிரி ஒன்று அங்கே பவளப் பாறை மூடிக் கிடக்கும் என்று நினைத்தபோது கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

ஒரு கொசுறு. போரில் ஜப்பானியர்கள் பிடித்த டச்சு மருத்துவமனைக் கப்பல் ஒன்றுக்கு, ஓப் டென் நோர்ட் என்று அதன் பழைய பெயர், கடைசியில் 'இரண்டாம் ஹிகாவா மாரு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மருத்துவமனைக் கப்பலைச் சட்டப்படி பிடித்து வைத்துக்கொள்ளவே கூடாது. போர் முடிந்த இரண்டாம் நாள் ஜப்பானின் மைசுரு துறைமுகத்துக்கு அருகே தாங்களே அதைக் கடலில் மூழ்கடித்தார்கள். நல்ல பேரை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் பாருங்கள்.

செஞ்சிலுவை, வெள்ளை வண்ணம் என்று கேட்டு உருகிக்கொண்டு வரும்போது எனக்குள் ஒன்று இடறியது. இது சுமந்தது அந்தப் படையின் காயம்பட்டவர்களை. மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைச் சயாம் பர்மா ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போய், ஆயிரக்கணக்கில் காட்டுக்குள் சாக விட்டது அதே படைதான். அங்கே வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் கிடந்த தமிழனுக்கு வெள்ளைக் கப்பல் எதுவும் வரவில்லை. அதைக் கப்பலின் குற்றமாகச் சொல்லவில்லை, இரும்புக்கு என்ன தெரியும். ஆனால் சிங்கப்பூர் என்ற பெயரை வாசித்த இடத்தில் அது நினைவுக்கு வராமல் இருக்க நான் வேறு யாராவதாகத்தான் இருக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். "அடிபட்டவனை ஏத்துனான், அது ஒரு வேலை. மத்தது மேல உள்ளவன் கணக்கு" என்று சொல்லிவிட்டு மேல்தளத்துக்குப் படியேறிவிட்டார். கப்பலில் வேலை பார்த்தவர் அப்படித்தான் பேசுவார், நான் விவாதிக்கவில்லை.

மேல்தளம் மரப்பலகை, நல்ல காற்று. கப்பலை ஓட்டும் இடமான பிரிட்ஜில் சுக்கான் சக்கரம், எஞ்சின் ரூமுக்கு உத்தரவு அனுப்பும் பித்தளை டெலிகிராப், பேசுகிற குழாய்கள், ஒரு சின்ன சாமி மாடம். கேப்டன் அறை அடக்கமாக இருக்கிறது. இங்கே குழந்தைகள் சக்கரத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்க வரிசை கட்டுவார்கள், உங்கள் வீட்டிலும் குழந்தை இருந்தால் கால் மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எஞ்சின் ரூம். இதற்குத்தான் 300 யென், மற்றதெல்லாம் இலவச இணைப்பு. செங்குத்தான படி இறங்க இறங்க எண்ணெய் வாசம் ஏறுகிறது. அறுபது வருஷத்துக்கு மேல் ஓடாத எஞ்சினுக்கு இந்த வாசம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், "அது போவாதுய்யா, தகட்டுக்குள்ள ஊறியிருக்கும்" என்றார். இரண்டு டீசல் எஞ்சின்கள், டென்மார்க்கின் பர்மைஸ்டர் அண்ட் வைன் கம்பெனியுடையது, ஒவ்வொன்றும் எட்டு சிலிண்டர், இரண்டும் சேர்ந்து 11,000 குதிரைசக்தி. மூன்று மாடி உயரத்துக்குப் பச்சை வண்ணம் அடித்த இரும்புக் கோட்டை மாதிரி நிற்கின்றன, நடுவில் சின்ன நடைபாதை. 1930இல் பெரும்பாலான பெரிய பயணியர் கப்பல்கள் நீராவியில்தான் ஓடின, இவர்கள் துணிந்து டீசல் போட்டார்கள்.

அப்பா இந்தக் கம்பெனி எஞ்சின்களோடு பாதி வாழ்நாள் கழித்தவர். ஆனால் அங்கே நின்று பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. தலையைச் சாய்த்து, சிலிண்டரின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்து, "கீழயும் எரியுதுலே!" என்றார். என் முழங்கை வலித்தது, அவ்வளவு பிடி. விஷயம் இதுதான். அவர் வேலை பார்த்த எஞ்சின்களில் பிஸ்டனுக்கு மேலே மட்டும் எண்ணெய் எரியும், அந்த உதையில் பிஸ்டன் கீழே போகும். இதில் பிஸ்டனுக்கு அடியிலும் ஓர் எரியறை இருக்கிறது, கீழே போகவும் உதை, மேலே வரவும் உதை. டபுள் ஆக்டிங் என்பார்கள். கேட்கச் சுலபம். ஆனால் பிஸ்டனைத் தாங்குகிற தண்டு அந்தக் கீழ் எரியறையின் நட்ட நடுவே, நெருப்புக்குள்ளேயே போய் வர வேண்டும், அது போய் வருகிற ஓட்டையில் புகை ஒழுகாமல் அடைக்கவும் வேண்டும். அந்த அடைப்பைக் கையால் காட்டி, "இந்த கிளாண்டு ஒழுகுனா நாலு மணி நேர வாட்ச்சு முழுக்க இதையே கட்டிக்கிட்டு அழணும். பதினாறு சிலிண்டர். அதுவும் பசிபிக் உருட்டுல" என்றார். எண்ணிப் பார்த்தேன், பதினாறுதான். இந்த மாதிரி எஞ்சின்கள் ஏன் வழக்கொழிந்தன என்று எந்தப் பலகையையும் படிக்காமலே எனக்குப் புரிந்துவிட்டது. பராமரிக்கிறவன் பட்ட பாடு.

பக்கத்தில் நின்ற ஒரு ஜப்பானியப் பெரியவர், அப்பாவின் கை போன போக்கைப் பார்த்துவிட்டு, தன் கையாலும் அதே அடைப்பைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் தலையை ஆட்டினார். இவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அடுத்த கால் மணி நேரம் குழாய் குழாயாகக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். என்னை மொழிபெயர்க்கக்கூட யாரும் கூப்பிடவில்லை.

கடைசியில் மூன்றாம் வகுப்பு. எஞ்சினுக்குப் பக்கத்தில், அடுக்குக் கட்டில், ஓர் அறைக்கு எட்டு பேர், நடுவில் நிற்க இடம். மேலே பார்த்த மேகப் படிக்கட்டும் இதுவும் ஒரே கப்பல்தான். நான் கட்டிலில் படுத்துப் பார்த்தேன், ஐந்தடி எட்டங்குலத்துக்குக் கால் மடக்க வேண்டியிருக்கிறது. அந்த எஞ்சின் சத்தத்தோடு பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கிறார்கள். இருந்தாலும் நம் பக்கத்து நிலைமைக்கு இது சொர்க்கம். மெட்ராஸ், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றிய ரஜூலாவும் இதே தலைமுறைதான், 1926இல் கட்டியது. அதில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கட்டிலே கிடையாது, திறந்த டெக்கில் பாயை விரித்துப் படுக்க வேண்டியதுதான். அதுவும் போரில் துருப்பு ஏற்றி, பிழைத்து வந்து, மறுபடி நம் ஆட்களைச் சுமந்தது. 1970களில் உடைத்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். யாராவது ஒருவர் அதன் ஒரு டெக்கை மட்டுமாவது நாகப்பட்டினத்தில் நிறுத்தி வைத்திருந்தால் நான் 300 யென் இல்லை, மூவாயிரம் ரூபாய் கொடுத்துப் பார்ப்பேன்.

போருக்குப் பிறகான கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தீவுகளில் சிக்கிய சிப்பாய்களையும் குடிமக்களையும் ஊருக்குக் கொண்டுவந்தது, உள்ளூர்த் தடத்தில் ஓடியது, 1953இல் பழைய சியாட்டல் தடத்துக்கே திரும்பியது. அப்போது ஏறியவர்களில் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்கள் நிறையப் பேர், எட்டு வருஷத்துக்கு முன் வரை சண்டை போட்ட நாட்டுக்கு. 1960இல் ஓய்வு, 1961இல் இங்கே கட்டினார்கள். கொஞ்ச காலம் இளைஞர்கள் தங்கும் விடுதியாகக்கூட இருந்திருக்கிறது. 2006 கடைசியில் மூடி, கப்பல் கம்பெனியே எடுத்துச் சரிசெய்து 2008 ஏப்ரலில் திறந்தது. 2016இல் தேசிய அளவில் முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தார்கள்.

போகிறவர்களுக்கு: காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள், அப்போதே போய்விடுங்கள். 12 மணிக்குக் கப்பல் சங்கு ஊதும், அந்த நேரம் மேல்தளத்தில் இருங்கள். நாங்கள் எஞ்சின் ரூமில் இருந்ததால் தகடு அதிர்ந்ததுதான் தெரிந்தது, அப்பாவுக்கு அதுவே பிடித்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் எஞ்சின் ரூம் படியை யோசித்து இறங்குங்கள், கப்பல் படி வீட்டுப் படி மாதிரி இருக்காது. ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். முழுசாகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும் என்று நினைத்துப் போனோம், மூன்று மணி நேரம் ஆனது, அதில் பாதி ஒரே இடத்தில். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன். அலங்காரத்துக்கு நாலு, எஞ்சினுக்கு ஆறு, சராசரி ஐந்து.

நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி சாப்பிடும்போது அப்பா, "நாளைக்கும் அங்க போலாமாய்யா, அந்தக் கம்ப்ரஸரைப் பாக்க விட்டுட்டேன்" என்றார். திங்கள் விடுமுறை என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை நான் ஆபீஸிலிருந்து வந்தபோது மேஜை மேல் 200 யென் டிக்கெட் ஒன்று கிடந்தது. தனியாகவே ரயில் ஏறிப் போய்விட்டு வந்திருக்கிறார், ஜப்பானில் முதல் தடவையாக.